நாடாவில் உப்பு

நம்பினால் நம்புங்கள். நான் குடிக்கிறவன் இல்லை. பாதிரியார் சொன்னால்கூட இரண்டு தடவை யோசிப்பேன். லங்காஷயரில், எங்கள் ஊர்த் துணி ஆலையில் தறி பழுது பார்த்தவன். இது என் கண்ணால் பார்த்தது.

தறிக்கூடத்தில் கத்தினாலும் காதில் விழாது. உதட்டை அசைத்துத்தான் பேசுவோம். என் மனைவி எட்னாவுக்கு எதிர்த்தறி கிளெம். எந்நேரமும் அவளைப் பார்த்து உதட்டை அசைப்பான். அவள் சிரிப்பாள். வீட்டில் என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. தறியில் ஊடுநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் மரக்கட்டைதான் நாடா. நூல் தீர்ந்தால் அதன் துளையில் வாய் வைத்து, புது நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். நாடாவுக்கு முத்தம் என்போம். அதைக்கூட அவன் அவளைப் பார்த்துக்கொண்டேதான் செய்வான்.

ஆகஸ்டில் ஆலைக்கு ஒரு வாரம் பூட்டு. ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். எனக்குப் பழுது வேலை. கிளெம் போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எட்னாவை அவள் தங்கையோடு அனுப்பினேன்.

"என் புறாவுக்கு யாரு தீனி போடுவா?" என்றான். "நீ என்னண்ணே, பொண்டாட்டியத் தனியா அனுப்பிட்ட? அங்க காத்து பலமா அடிக்குமே!"

"உன் புறாவ மட்டும் பாருடா."

புதன்கிழமை. பகல் மூன்று மணி. கொதிகலன் ஆறிக் கிடந்தது. தறிக்கடியில் படுத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன்.

டக்... டக்...

கல் தரையில் மரச்செருப்புச் சத்தம்.

எழுந்தேன். எட்னாவின் தறியருகே கிளெம். அவள் நாடா அவன் வாயில்.

"வைடா அத!"

திரும்பினான். உதடு மட்டும் அசைந்தது. தறியே ஓடவில்லை... எதற்கு உதட்டால் பேசுகிறான்?

படித்தேன்.

"இனிமே அவகூடத்தான்."

ஸ்பானரோடு ஓடினேன்.

யாருமில்லை.

நாடா நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன்...

உப்பு.

சனிக்கிழமை ரயில் வந்தது. எட்னாவின் முகம் வீங்கியிருந்தது. தங்கைக்காரிதான் சொன்னாள். புறாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, செவ்வாய் இரவே கிளெம் பிளாக்பூல் வந்துவிட்டானாம். போகமாட்டேன் என்று அவன் சொன்னபோதே எனக்கு உள்ளூரச் சந்தேகம்தான். புதன்கிழமை கடலில் இறங்கியவன் உயிரோடு ஏறவில்லை. உடல் ஒதுங்கியபோது மணி மூன்று.

திங்கள்கிழமை தறிகள் ஓடின. எதிர்த்தறி மட்டும் நின்றிருந்தது.

எட்னா நாடாவை வாயில் வைத்து உறிஞ்சினாள். நிமிர்ந்தாள். காலித் தறியைப் பார்த்துச் சிரித்தாள்.

அதே சிரிப்பு.

உதடு அசைந்தது.

"இன்னும் உப்புக் கரிக்குது, கிளெம்."

அந்தப் பழைய நாடாவைப் புதன்கிழமையே வீட்டு அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். அவள் வாயில் இருந்தது... திங்கள் காலை நான் எடுத்துக் கொடுத்த புது நாடா.