பெட்டி மாமா பண்ணிய பாட்டு

தெருவில் அவருக்குப் பெட்டி மாமா என்று பெயர். டிரம் இல்லாமல் டிரம் சத்தமும், ஆளே இல்லாமல் ஆர்ப்பாட்டமுமாக நாள் முழுக்கப் பின்னறையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிக்கொண்டிருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவர் பண்ணும் பாட்டுகளை மேடையில் ஓடவிட்டுக் கைதட்டு வாங்குவது டிஜேவான அவருடைய மச்சினன். போஸ்டரில் அவன் முகம், பாட்டில் அவன் பெயர்.

மாமா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் மகள், "அந்தப் பாட்டு எங்கப்பா பண்ணது" என்று பெருமையடிக்கப்போய், கூட இருந்தவர்கள் "புளுகு மூட்டை" என்று சிரிக்க, அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

"மாப்ள, அடுத்த பாட்டுல என் பேரையும் போடுடா."

"உங்களுக்கு இல்லாததா மாமா? போட்டுடலாம்!" என்றான். அவன் எதற்குத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறான்!

அரைகுறைப் பாட்டை அனுப்பும்போது, எங்கே என்ன பாக்கி என்று நடுநடுவே தன் குரலிலேயே சொல்லிவைப்பது மாமாவின் வழக்கம். மச்சினன் அதைக் கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்ல வேண்டும். அவன் எங்கே கேட்டான்? வந்ததை அப்படியே மைதானத்தில் ஓடவிட்டான். தாளம் உச்சிக்கு ஏறிச் சட்டென்று நின்றது. ஸ்பீக்கரில் மாமாவின் கரகரத்த குரல்: "மாப்ள, இது இன்னும் வேகல, வெளிய எடுக்காத!"

கூட்டம் தலைகால் தெரியாமல் ஆடியது. மறுநாள் பஸ்ஸிலும் கடையிலும் அதே பேச்சுத்தான்.

மச்சினன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "மாமா, எல்லாரும் அந்தக் குரலத்தான் கேக்கறாங்க. நீங்களே மேடைக்கு வந்து அதையே மைக்ல சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாமா தலையாட்டினார். உள்ளே வேறு திட்டம். அடுத்த நிகழ்ச்சியன்று மகளையும் அவளைக் கேலி செய்த தோழிகளையும் மேடைக்கு முன்னாலேயே நிறுத்தினார். தாளம் நின்றது. மைக்கைப் பிடித்து, வேகாத கதையையெல்லாம் விட்டுவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"இந்தப் பாட்டப் பண்ணது நான்தான்!"

கூட்டத்துக்குப் புது வரி கிடைத்துவிட்டது. மைதானமே கையைத் தூக்கி, "இந்தப் பாட்டப் பண்ணது நான்தான்!" என்று திருப்பிக் கத்தியது. ஐஸ்கிரீம் விற்கிறவர் கத்தினார். வாசல் காவலாளி கத்தினார். மகளின் தோழிகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார்கள். "ஐயோ, எங்கப்பாதான்!" என்று மகள் தொண்டை கிழியச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் மச்சினன்.