பால்கோவா வாசமடித்த சாம்பிள் துணி

பை கட்டுவது என்றால் எனக்கு அப்படி ஒரு உற்சாகம் இருந்தது. ரொம்பப் பழைய கதையெல்லாம் இல்லை, போன வருஷம் வரைக்கும் இருந்தது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். காலையில் பஸ், சாயங்காலம் அதே ரோட்டில் திரும்பவும் பஸ், நடுவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போடுவது. எம்.பி.ஏ. முடித்துவிட்டு அந்த ஒரே ரோட்டில் போய்ப் போய் வருவது எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஆர்டர் பிடிக்கும் டூர் வேலையைக் கொடுங்கள் என்று முதலாளியை நச்சரித்தேன்.

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னை அம்மாயி, அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். கடைசியில் ஒரு நாள் சொன்னார்: "சரி அம்மாயி, கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி துணி கேக்குது. போயிட்டு வா. ஆர்டரோட வந்தா டூர் உன்னோடது. இல்லேன்னா மடிப்பு செக்சன்ல உக்காந்து ஆளுகள மேய்க்கணும். அதுக்குப் பொறவு வாயத் தொறக்கப்படாது."

மடிப்பு செக்சனில் ஜன்னல் கிடையாது. பஞ்சுத் தூசி மட்டும் உண்டு. அந்த அறையை நினைத்துக்கொண்டுதான் பை கட்ட உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு முதுகுப்பை, அதற்கு மேல் எதுவும் கிடையாது. அதில் நான் பிடிவாதக்காரி. எந்தப் பொருளும் இரண்டு வேலை செய்ய வேண்டும், செய்யாதது வீட்டிலேயே கிடக்கட்டும். துப்பட்டாதான் துண்டு, அதுவேதான் பஸ்ஸில் போர்வை. குர்தாவை மடிக்காமல் பாய் மாதிரி சுருட்டினால் சுருக்கமும் விழாது, இடமும் மிச்சம். கனமான ஷூவைக் காலில் போட்டுக்கொள்ள வேண்டும், பையில் வைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமையான கொள்கை ஒன்று இருந்தது: காற்றைச் சுமக்கக் கூடாது. அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கவர், உப்பிய பாக்கெட் எல்லாம் காற்றுதான். பிரித்து எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வைத்தால் பாதிப் பை காலியாகிவிடும்.

அப்படித்தான் மில்லில் கொடுத்த சாம்பிள் துணியின் கவர்களையும் பிரித்தேன். நாலு பாக்கெட்டும் தலையணை மாதிரி உப்பியிருந்தன. கவரை எடுத்ததும் துணி கைக்குள் அடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மா கடையிலிருந்து பால்கோவாவோடு வந்தாள். கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தியின் மகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

"அம்மா, பையில எடமில்ல."

"எம்புட்டுப் பெரிய பை, ஒரு பெட்டி வைக்க எடமில்லையாக்கும்! ஏட்டி, இந்த ஊர்லருந்து போயிட்டு வெறுங்கையோட நிப்பியா? அவிய என்ன நெனைப்பாவ?"

எங்கள் ஊர்க்காரர்கள் நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் சரி, துக்கம் கேட்கப் போனாலும் சரி, பையில் பால்கோவா இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கியதையே கேட்டு வாங்கி வந்திருந்தாள். பெட்டியின் அடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தனிப் பை எடுத்துக்கொள் என்றாள். தனிப் பையா? என்னிடமா? பெட்டியைப் பிரித்தேன். பால்கோவாவை உள்தாளோடு சேர்த்து எடுத்து, குலுங்காமல் இருக்க அந்தச் சாம்பிள் துணியாலேயே இறுக்கிச் சுற்றி நடுவில் வைத்தேன். ஒரு பொருள், இரண்டு வேலை. ஜிப் சிரமமில்லாமல் மூடியது. இதை யாருக்காவது வீடியோ எடுத்து அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

ராத்திரி பஸ்ஸில் போய் விடியற்காலையில் கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் இறங்கினேன். ரூம் போடவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவி, துப்பட்டாவில் துடைத்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டோர் வாசலில் என்னைப் போலவே சாம்பிள் கொண்டுவந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு உருட்டுப் பெட்டி. பாவம், இத்தனை சுமையா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஸ்டோர் பொறுப்பில் இருந்த அம்மா மேஜையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். பேண்டேஜ் துணிக்கு அதுதான் முதல் பரீட்சை. ஒரு துண்டு வெட்டிப் போட்டால், நல்ல துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடனே அடியில் போய்விடும். எங்கள் துணி அப்படித்தான் போகும், மில்லில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பையைத் திறந்தேன். அறை முழுக்க பால்கோவா வாசம்.

"ஸ்ரீவில்லிபுத்தூருங்களா?" என்றார் உருட்டுப் பெட்டிக்காரர்களில் ஒருவர். பால்கோவாவிலிருந்து துணியை உரித்தெடுத்தேன். வெள்ளைத் துணி மஞ்சள் திட்டுத் திட்டாகப் பிசுபிசுத்தது. நாலு துண்டும் அப்படித்தான். அந்த அம்மா வெளுப்பாகத் தெரிந்த ஓரமாகப் பார்த்து ஒரு சதுரம் வெட்டித் தண்ணீரில் போட்டார். அது போகவில்லை. வாழையிலைக் கிழிசல் மாதிரி மிதந்தது. சுற்றிலும் குழம்பின் மேல் நிற்பதுபோல நெய்க் கண்கள்.

"ஏனுங் அம்மிணி, இது காயத்துக்குக் கட்றதுங்களா, விருந்துக்கு வெக்கறதுங்களா?"

"மேடம், துணி நல்ல துணி. நான் கட்டின கட்டுதான் தப்பு."

"நீங்க சொல்றீங்க. தண்ணி சொல்லலீங்களே."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நாளைக்குக் காலைல கமிட்டி உக்காருதுங்க. அதுக்குள்ள வேற துணி கொண்டாங்க, பாக்கறேன். வரலீன்னா இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் போயிரும்."

வெளியே வந்து முதலாளிக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"சார், சோப்புப் போட்டு அலசிக் காய வச்சிரட்டுமா? மூழ்கிரும்."

"அலசின துணியக் காட்டி ஆர்டர் வாங்கிட்டு, பொறவு அலசாத துணிய அனுப்பவா? சும்மா இரு. சாயங்கால பஸ்ல போட்டு விடுதேன், விடியக்காலைல எறக்கிக்கோ."

"நாலு துண்டு போதும் சார்."

"நீ பேசாத அம்மாயி."

சித்தி வீட்டுக்குப் போனபோது கண் எரிந்தது. சித்தி ஆசையாக பால்கோவாவை வாங்கித் தட்டில் வைத்தாள். விரலால் எதையோ பிடித்து இழுத்தாள். வெள்ளை நூல், நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"என்னட்டி இது, பால்கோவாக்குக் காயம் கீயம் பட்டுருச்சா? கட்டுப் போட்டுக் கொண்டாந்திருக்க?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். சூடாக, சின்னதாக, தன் பாட்டுக்குத் தூங்கியது. நாளைக்கு பஸ் லேட்டானால் என்ன செய்வது, பார்சலை ஏற்ற மறந்திருந்தால் என்ன செய்வது என்றே தலைக்குள் ஓடியது. "ஏட்டி, பிள்ளையக் கீழ போட்டுராத" என்று சித்தி கத்தியபோதுதான் நான் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தது தெரிந்தது. பிள்ளை யார் சாயல் என்று ஊரில் கேட்டார்கள். எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பஸ் வந்தது. கிளீனர் டிக்கியைத் திறந்து இழுத்துப் போட்டதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. பார்சல் இல்லை, மூட்டை. என் இடுப்பு உயரம். முதலாளி நாலு துண்டு அனுப்பவில்லை, நாலு தினுசில் முழுச் சுருளாகவே அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக், அதன் மேல் சாக்கு, அதன் மேல் கயிறு, அந்தக் கயிற்றுக்கு மேல் இன்னொரு கயிறு. ஆட்டோவில் அதற்கு இடம் கிடைத்தது, எனக்குத்தான் பாதி உடம்பு வெளியே. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டோர் இருந்தது மாடியில். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்று வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். ஒரு படிக்கு ஒரு தூக்கு, அப்புறம் மூச்சு வாங்கல். அதே உருட்டுப் பெட்டிக்காரர் எதிரே இறங்கி வந்தார். என்ன நினைத்தாரோ, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மா கயிற்றை வெட்டினார். மேலாக இருந்ததை விட்டுவிட்டு நடுச்சுருளை உருவி, அதிலும் உள்ளே தள்ளி வெட்டினார். கிண்ணத்தில் போட்டார். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"போயிருச்சுங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் நிறமே இல்லாமல் கிடந்தது. கமிட்டி முடிய மதியமாயிற்று. எங்கள் துணியையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து முதலாளிக்கு போன் போட்டேன்.

"கெடச்சிருச்சு சார்."

"கெடைக்கும்னு தெரியும். நல்ல துணி. டூர் இனி உன்னோடதுதான், போ."

இந்த வார்த்தைக்காக எத்தனை மாசம் இவர் பின்னாலேயே அலைந்தேன். சந்தோஷம் வருமென்று செத்த நேரம் காத்திருந்து பார்த்தேன். கால்தான் வலித்தது.

"நாளைக்கு மில்லுக்கு வந்துரு" என்றார் அவர். "கொல்லத்துல ஒரு ஆஸ்பத்திரி. சாயங்காலம் பஸ். மூட்டை கட்டி ரெடியா இருக்கு."

"நாளைக்கேவா சார்?"

"நீதான கேட்ட?"

ஆமாம் சார் என்றேன். போனை வைத்துவிட்டு ஷூவின் லேஸை அவிழ்த்து, காலை வெளியே எடுத்து, படியின் குளிர்ச்சியில் வைத்தேன். மேலே ஏறியவர்களும் கீழே இறங்கியவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். எழுந்திருக்க வேண்டும், ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.