அப்பாவின் வலது கன்னம்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு நிறம். நான் சும்மா சொல்லவில்லை. மூக்குக்கு இடது பக்கம் மாநிறமாக, மழமழவென்று இருப்பார். வலது பக்கம் கருத்துச் சுருங்கி, அவருக்கே அண்ணன் மாதிரி இருக்கும். டிப்போவில் 'டபுள் கலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் ஏதோ பட்டம் கொடுத்தது போல உடனே திரும்பிப் பார்ப்பார். அந்த மனிதரை என்ன சொல்வது?

காரணம் அவர் ஓட்டிய பஸ். காலையில் வடக்கே போகும். கிழக்கு வெயில் டிரைவர் ஜன்னலில் அடிக்கும். சாயங்காலம் தெற்கே திரும்பும். மேற்கு வெயிலும் அதே ஜன்னலில்தான் அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே ரூட். கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டால்தான் அவருக்கு வண்டி ஓட்டிய மாதிரி இருக்கும்.

என் கல்யாணம் நிச்சயமானதும் வீடே அமளிதுமளிப்பட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பாவுக்கு என்னைவிட ஒரு படி அதிகம். அவருக்கு இருந்த ஒரே கவலை போட்டோ. எந்தப் போட்டோவிலும் இடது கன்னத்தைக் காட்டியே பழகியவர். கல்யாணத்திலோ எல்லாப் பக்கமும் கேமரா வரும். அதற்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். லீவு நாளில் மொட்டைமாடியில் ஸ்டூலைப் போட்டு, இடது கன்னத்தை உச்சிவெயிலுக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் வாட்டி எடுத்துட்டா ரெண்டும் சரியாப் போயிடும்ல?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துணி காயப்போட வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்க, புத்தி கித்தி பிசகிப் போச்சா? நீங்க என்ன ஈரத்துணியா, வெயில்ல காய?" ஸ்டூலைப் பிடித்து இழுக்க அவருடைய வலது பக்கம் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

காதுக்கு முன்னால், கிருதாவுக்குக் கீழே ஒரு சின்னப் புண். நடுவில் பள்ளம், சுற்றிலும் மினுமினுவென்று ஒரு கரை. அம்மா விரலால் தொட்டாள். ரத்தம் வந்தது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"ஷேவ் பண்றப்போ பட்டிருக்கும். ஆறும், திரும்ப வரும். விடு."

எங்கள் யார் கண்ணிலும் இது படவேயில்லை. டிரைவருக்கு வலது பக்கம் யார் உட்கார முடியும்? அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோபாவிலும் கட்டிலிலும் நாங்கள் அவருக்கு இடது பக்கம்தான். அந்த வலது கன்னத்தைத் தினமும் கிட்டத்தில் பார்த்தது வெயில் மட்டும்தான்.

தோல் டாக்டர் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பயந்தது போலவே புற்று என்று வந்தது.

"கொஞ்சம் வெயில் உடம்புக்கு வேணும், எலும்புக்கு நல்லது," என்றார் டாக்டர். "நீங்க ஊருக்கே சேர்த்து ஒரு கன்னத்துல வாங்கியிருக்கீங்க. பயப்படாதீங்க, இது மெதுவா வளர்ற வகை. வெட்டி எடுத்துடலாம். ஓரத்துல மிச்சம் இருக்கா இல்லையான்னு ரிப்போர்ட்லதான் தெரியும்."

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றேன். அப்பா என்னை முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வெட்டி எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்கு முன்னால் கல்யாணம் வந்துவிட்டது.

கன்னத்தில் கட்டோடு மாப்பிள்ளையைவிட மிடுக்காக வந்து நின்றார் அப்பா. போட்டோக்காரர் எங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. மண்டபத்தில் ஒரே இரைச்சல். அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மிச்சம் எதுவும் இல்லையாம்," என்றாள் அம்மா. "சுத்தமா இருக்காம்."

கல்யாணப் பெண் என்பதையும் மறந்து நான் குதித்தேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சார், கட்டு தெரியாம இடது பக்கம் காட்டுங்க," என்றார் போட்டோக்காரர்.

வழக்கம்போல் இடது பக்கம் நின்றிருந்த அம்மா, எல்லோரையும் சுற்றிக்கொண்டு வந்து அப்பாவின் வலது பக்கம் நின்றாள்.

"கட்டு தெரிஞ்சா தெரியட்டும் தம்பி. இத்தனை வருஷமா இந்தப் பக்கத்தை வெயிலுக்கு விட்டுட்டேன். இனிமே இங்க நான் நிக்கறேன்."