மந்திரிக்காத திராட்சை

அந்த வாரம் முழுக்க மிசாக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் தலின் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறாள். வியாழக்கிழமை பஸ். மாதா திருநாளோ ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கோயிலில் திராட்சையை மந்திரித்த பிறகுதான் இந்த ஊரில் ஒரு பழத்தை வாயில் வைப்பார்கள்.

அதிலும் மிசாக் ரொம்பக் கறார். மினிபஸ் ஓட்டிக்கொண்டே யார் வீட்டுக் கொடியில் யார் கை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போகிற ஆள். ஏன் என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம், தகப்பனார் கதையை ஆரம்பித்துவிடுவார். எல்லை மாறித் துருக்கிக் கொடி ஏறிய வருஷம், மலையிலிருந்த மற்ற ஆறு ஆர்மீனிய ஊர்களும் அந்தக் கோடையிலேயே மூட்டை கட்டி லெபனானுக்குப் போய்விட்டன. தகப்பனாரும் கழுதைமேல் பாயைக் கட்டினார். பிறகு, "திராட்சை மந்திரிக்கட்டும், போவோம்" என்று அவிழ்த்துப் போட்டார். மந்திரித்தார்கள், தின்றார்கள், போகவேயில்லை. கதை எவ்வளவு நிஜமோ, அந்தத் தகப்பனாருக்கே வெளிச்சம். ஆனால் அந்தப் பழத்துக்காகக் காத்திருந்ததால்தான் இந்த ஒரு ஊராவது மிஞ்சியது என்று மிசாக் மனசார நம்பினார்.

"நாலு நாள் தள்ளிப் போயேம்மா."

"வேலை எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுப்பா" என்றாள் தலின், பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.

பாதிரியாரிடம் ஓடினார். இந்தச் சபையில் பாதிரியாருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. "ஒரே ஒரு குலை, சாமி. முன்கூட்டியே மந்திரிச்சுக் குடுத்துடுங்க."

"மிசாக் அண்ணே, போன வருஷம் என் பையன் ஒரு பழம் தின்னதுக்கு அவனை ஊர் பூரா துரத்துனது யாரு? நீங்கதானே?"

வீட்டுக்குத் திரும்பினார். வாசலுக்கும் கொடிக்குமாக நடந்தார். "பேசாம நீங்களும் அவகூட பஸ்ல ஏறிடுங்க. காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்று மனைவி வெர்ஜின் கடிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலை, யாரும் பார்க்காதபோது, தன் கையாலேயே ஒரு குலையை வெட்டித் துண்டில் சுற்றினார். அவள் தின்பதற்காக அல்ல. பஸ் ஏறும்போது நீட்டினால், "என்னப்பா, திருநாளே வரலையே, உங்களுக்குப் பைத்தியமா?" என்று கத்துவாள். அந்த ஒரு திட்டு போதும். அதற்குப் பிறகு அவள் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகட்டும், நம் பிள்ளைதான்.

அந்தாக்யா பஸ் நிலையத்தில் துண்டைப் பிரித்து நீட்டினார். தலின் ஒரு கையால் போனில் சீட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டே மறு கையால் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டாள். இன்னொன்றும் போட்டாள்.

"நல்லா இனிக்குதுப்பா."

அவ்வளவுதான். மிசாக்கின் முகம் சுண்டிப்போனது. பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே பெண் போய்விட்டாள் என்று ஆத்திரமாக வந்தது. அவளோ அவரைக் கட்டிக்கொண்டு, அழுத முகத்தோடு படியேறினாள். "மீதியை அம்மாகிட்ட குடுங்க!"

பஸ் பின்னால் நகர்ந்து திரும்பியது. ஜன்னலில் அவள் கையாட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை கோபமிருந்தாலும் அந்தத் தப்பில் அவளைத் தனியாக விட அவருக்கு மனம் வரவில்லை. அவள் பார்க்கும்படியாக ஒரு பழத்தைக் கிள்ளித் தானும் வாயில் போட்டுக்கொண்டார்.

இனிக்கத்தான் செய்தது.