எட்டாவது திருகு

பகலெல்லாம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவர், வீட்டுக்கு வந்தால் பின்னறையில் மூங்கிலை இழைப்பார். எல்லாம் மனைவிக்காக. தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிட்டது, அவரும் அப்படித்தான். பொய்ப்பூச்சி கட்டி ஏரியில் வீசுகிற மூங்கில் தூண்டில் என்றால் அவளுக்கு உயிர். அவர் துடுப்பு போடுவார், அவள் வீசுவாள்.

டீச்சர் தவறிப்போய் எட்டு மாதம். பின்னறையில் நல்ல மூங்கில் ஒன்றே ஒன்று மிச்சம் கிடந்தது. ஒரு தூண்டிலுக்குத்தான் காணும்.

"உங்களுக்குன்னு ஒண்ணு பண்ணிக்கங்க அத்தான்," என்றான் அவள் தம்பி. "துடுப்பு போட்டே கிழவனாயிட்டீங்க. மீன் உங்க மூஞ்சியையும் ஒரு நாள் பாக்கட்டும்."

"என் கைக்கு எது சரிப்படும்னு எனக்கே தெரியாதே மாப்ளே."

"முரட்டுக் கை. விறைப்பா ஒண்ணு போடுங்க. அக்காவோடது உங்க கையில துவண்டு விழுந்துடும்."

அடியில் பருத்து, நுனிக்குப் போகப்போக மெலிகிற கணக்கைத்தான் டேப்பர் என்பார்கள். மூங்கிலை ஆறு சிம்பாகப் பிளந்து, இரும்பு அச்சின் பள்ளத்தில் வைத்து இழைத்து, ஆறையும் ஒட்டினால் தூண்டில். அச்சில் ஐந்து அங்குலத்துக்கு ஒரு திருகு. முடுக்கினால் பள்ளம் குறுகும், சிம்பு மெலியும்.

டீச்சர் தூண்டிலுக்கான திருகு எண்கள் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தன; பிடிக்கு மேலே வரும் எட்டாவதற்கு மட்டும் பழைய எண். ஆறு வருஷத்துக்கு முன்னால், "பிடிக்கு மேல கொஞ்சம் இளக்கமா இருந்தா தேவலை, மணிக்கட்டு விண்ணுவிண்ணுங்குது," என்றாள். இரண்டே நாளில் அடிப்பாகத்தைப் புதிதாக இழைத்துக் கொடுத்தார். வீசிப் பார்த்தாள். "இப்பதான் கைக்கு இதமா இருக்கு." மாற்றிய எண்ணை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அச்சில்தான் இருக்கிறதே என்ற தைரியம்.

இப்போது விறைப்பான டேப்பருக்குத் திருகுகளைத் தளர்த்தினால் அது போய்விடும். முதலில் குறித்துக்கொள்ளலாம் என்று எட்டாவது இடத்தில் அளவுமானியை வைத்தார். முள், தாளில் இருந்த பழைய எண்ணிலேயே நின்றது. பள்ளத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே எண்.

அவள் கேட்ட அந்த வாரம் பட்டறையில் இரட்டை ஷிப்ட். தூக்கக் கலக்கத்தில் இழைத்தவர் திருகைத் தொடவே இல்லை. சாகிறவரை ஐந்து வருஷத்துக்கு மேல் அதே வலியோடு வீசியிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல். சில நாள் பாதியிலேயே, "போதும், கரைக்கு விடுங்க," என்பாள். சலித்துவிட்டது போல என்று அவரும் படகைத் திருப்புவார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் ஆளில்லை, திட்டு வாங்கவும் ஆளில்லை.

மாலையில் தம்பி எட்டிப் பார்த்தான். "என்ன அத்தான், இன்னும் அக்கா தாளே தொங்குது? யாருக்கு இந்தத் தூண்டில்?"

"டீச்சர் கேட்டிருந்தா."

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

எட்டாவது திருகைக் கால் சுற்று முடுக்கினார். முதல் சிம்பை வைத்து இழைத்தார். அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு சுருள் கூடுதலாக வந்தது. இன்னும் ஐந்து சிம்பு பாக்கி.