ஆறாம் திருவிழா வில்லு

எங்கள் ஊர்ப் பிள்ளையார் வருடத்தில் ஒருநாள் வேட்டைக்குப் போவார். மோதகம் தின்று தொந்தி வளர்த்தவருக்கு வேட்டை எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். குதிரை வாகனத்தில் ஏறி, கோயிலின் கிழக்கு வெளியில் வந்து நிற்பார். எதிரே முக்காலியில் ஒரு நீற்றுப்பூசணிக்காய் இருக்கும். சுவாமிக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கும் ஆள் உயர வில்லை ஐயர் எடுத்து, அன்றைய திருவிழாக்காரரிடம் கொடுப்பார். அவர் அம்பு விட்டுப் பூசணிக்காயைத் துளைக்க வேண்டும். சைவக்காரரின் வேட்டை அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம். வேட்டை வருகிற ஆறாம் திருவிழா என் கணவர் வீட்டாருடையது. ஏழாம் திருவிழா நான் பிறந்த வீட்டாருடையது. இப்போது அதை நடத்துவது என் அண்ணை. அண்ணை இரண்டு கூட்டு மேளம் பிடிப்பார், கலர் லைட் போடுவார், என்ன செய்தும் சனம் ஆறாம் திருவிழாவுக்குத்தான் விழுந்தடித்து வரும். "ஒரு பூசணிக்காயைக் குத்திறதுக்கு இவ்வளவு சனமே!" என்று வருடா வருடம் எங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டே எரிச்சல்படுவார். அண்ணையும் என் மனிசன் இவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவருக்கொருவர் மச்சான் என்று நான் கழுத்து நீட்டுவதற்கு முன்பே கூப்பிட்டுப் பழகியவர்கள்.

போன வருடம் திருவிழாவுக்கு முந்தின பங்குனியில், கோயில் வில்லுக்கு எண்ணெய் பூசுகிறேன் என்று இவர் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிசன். கை சும்மா இராது. எண்ணெய் பூசி, நாண் ஏற்றி, முற்றத்தில் நின்று அழகு பார்த்தார். அந்த நேரம் பார்த்து அண்ணை வந்தார்.

"மச்சான், ஒருக்கா இழுத்து விடு. கூவுதோ பாப்பம்."

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் தைப்பொங்கல் காலத்துப் பட்டங்களின் தலையில் விண் கட்டுவார்கள். வளைத்த சிறு வில்லில் இழுத்துக் கட்டிய நாடா அது; காற்றுப் பட்டால் ஊரெல்லாம் கேட்கக் கூவும். கூவாத விண் கட்டினவனுக்கு அந்த வருடம் மரியாதை இல்லை. ஆகையால் வளைந்த தடியில் கயிறு கட்டியிருக்கக் கண்டால், எங்கள் ஆம்பிளைகள் முதலில் அதன் குரலைத்தான் கேட்பார்கள். இவர் நாணைக் காதுவரை இழுத்து விட்டார். வில்லு ஒருமுறை கூவியது. அதோடு நடுவில் வெடித்து இரண்டாகி, ஒரு பாதி என் கறிவேப்பிலைக் கன்றை முறித்துக்கொண்டு விழுந்தது.

இவர் அப்படியே குந்திவிட்டார். எனக்குக் கறிவேப்பிலைக்கு அழுவதா, வில்லுக்கு அழுவதா என்று தெரியவில்லை.

கோயில் கூட்டத்தில் அண்ணை எழும்பி, மிகவும் கவலைப்படுகிற முகத்தோடு, "வில்லில்லாட்டில் ஆறாந் திருவிழாக்காரர் என்ன செய்வினம், பாவங்கள். வேட்டையை எங்கடை நாளுக்கு மாத்துவம்" என்றார். மாத்தினால் மாத்தினதுதான், கோயிலில் கைமாறின உரிமை திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இவருடைய அப்பாவும் அப்பப்பாவும் நடத்தின வேட்டை. திருவிழாவுக்கு முதல் நல்ல வில்லொன்று செய்து காட்டுவேன் என்று இவர் கூட்டத்திலேயே வாயை விட்டுவிட்டார். கொழும்பிலிருந்து பைபர் வில்லு எடுப்போம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "பிளாஸ்ரிக்கோ பிள்ளையாருக்கு?" என்று ஐயர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வளவில் எந்த மரத்துக்கும் நித்திரை இல்லை. இவர் ஒவ்வொன்றையும் தட்டித் தடவிப் பார்ப்பார். என் உலக்கையையே ஒருநாள் தூக்கி வெயிலில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"உதிலை கை வைச்சியளோ, பிறகு பாருங்கோ. இடியப்ப மாவை வில்லாலையோ இடிக்கிறது?"

முதலில் வேலிப் பூவரசு. ஆசையாக வளைந்தது, நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தபடியே கிடந்தது. நிமிர மனமில்லாத சோம்பேறி மரம். பிறகு வேம்பு. பார்வைக்கு நேர், உள்ளே நார் முறுகி ஓடியிருக்கிறது. கணு இருந்த இடத்தில் பொட்டென்று போய்விட்டது. பிறகு அச்சுவேலி மரக்காலையில் வாங்கிய பனஞ்சிலாகை, பனையில் அறுத்த நீளச் சட்டம். வைரம் பாய்ந்த கறுப்பு. அதைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி இவர் கையெல்லாம் சிராய். ஊசியால் சிராய் எடுத்தது நான். "ஆ, ஊ" என்று கத்தினது அவர்.

அந்தப் பனை வில்லு நல்ல வில்லு. சுவரில் ஆணியில் கொழுவி, நாணைக் கீழே இழுத்து, வில்லின் இரண்டு கையும் ஒரே அளவாக வளைகிறதா என்று நாள்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சுரண்டியது. பின்வளவு வாழைக்குற்றியில் அம்பு அம்பாக இறக்கினார். மனிசன் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்; எனக்கும் சந்தோசம். அடுத்த நாள் அண்ணை வந்தார்.

"அருமை மச்சான்! எங்கை, கூவுதோ?"

கூவியது. வெடித்தது.

அண்ணை உடைந்த துண்டுகளைத் தூக்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்து, "மரம் சரியில்லை மச்சான்" என்றார். இவரும் "ஓமடா, மரம்தான்" என்றார். பிறகு ஒரு கமுகு வில்லு. அதுவும் அம்பெல்லாம் அழகாக விட்டு, அண்ணை வந்த அன்று கூவிச் செத்தது. அன்று இரவு இவர் சாப்பிடவில்லை. "அப்பாட முகத்திலை எப்பிடி முழிப்பன்" என்றார். அப்பா படமாகச் சுவரில்தான் இருக்கிறார்.

அண்ணை வந்தால் வில்லு உடைகிறது. இது கண்ணூறு அல்லாமல் வேறென்ன? அடுத்தமுறை அவர் படலையைத் திறந்தபோதே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணை, அசையாமல் நில்லுங்கோ. உங்கடை கண் பொல்லாத கண்."

"விசரே உனக்கு?" என்று சிரித்தார். சிரித்தபோது அவருடைய மேலுதட்டு வெட்டுத் தழும்பு இழுபட்டது. மிளகாய் என் கையிலேயே நின்றுவிட்டது.

அந்தத் தழும்பு வந்த அன்று நான் பக்கத்தில் நின்றவள். அண்ணைக்கு அப்போது மீசை அரும்பவில்லை. மாங்காய் விழுத்தக் கட்டிய வில்லோடு திரிவார். என்னை வெருட்டுவதற்காக, அம்பு வைக்காமல், என் மூஞ்சிக்கு நேரே வெறும் நாணை இழுத்து விட்டார். நான் வீரிட்டுக் கத்தினேன். வில்லு உடைந்து அவருடைய உதட்டைக் கிழித்தது. "அம்பில்லாமல் இழுத்தால் உடையாமல் என்ன செய்யும்" என்று தையல் போட்ட உதட்டோடு தானே சொல்லி அழுதவர்.

கிணற்றில் நிறைந்த வாளி என்று நினைத்து வெறும் வாளியை இழுத்துப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். வில்லும் அப்படித்தான். அம்பிருந்தால் இழுத்த பலம் அம்போடு போகும். இல்லாவிட்டால் தடிக்குள்ளேயே திரும்பி அடிக்கும். இது அண்ணைக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு முறையும் தேன் வழியக் கேட்டிருக்கிறார், "கூவுதோ மச்சான்" என்று! அட என்ரை கூடப்பிறந்த குள்ளநரியே!

மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டு, அண்ணை போனதும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உதட்டுத் தழும்பையும் சொன்னேன். இவர் என்னைத்தான் கோபித்தார்.

"இஞ்சேரும், உம்மடை அண்ணை எனக்கு உப்பிடிச் செய்வானே? என்னோடை ஒண்டாப் படிச்சவன். மரம்தான் பிழை."

நல்ல மனிசன். நல்ல மனிசரைக் கட்டினால் இதுதான் கரைச்சல். எவரையும் சந்தேகிக்க மாட்டார்கள்; கட்டினவளைத் தவிர.

சரி, நம்பாவிட்டால் போகட்டும் என்று கடைசி வில்லுக்கு நானும் கூட நின்றேன். முந்தின மாரியில் கிணற்றடியில் சரிந்த கமுகைப் பிளந்து, ஆட்டுக் கொட்டிலில் பரணாகப் போட்டிருந்தோம். நிழலில் கிடந்து நன்றாகக் காய்ந்த சிலாகை. இவர் வழக்கம்போல வெளிப்பக்கத்தை மினுக்கப் போனார். கையைப் பிடித்தேன். "தோல் பக்கத்தைத் தொடாதேங்கோ. கமுகுக்குப் பலமே அங்கைதான். வயித்துப் பக்கத்தை மட்டும் சுரண்டுங்கோ." தொண்டைமானாற்று மீன்காரரிடம் வாங்கிய வலைக்கயிற்றை முறுக்கி நாண் போட்டார். வில்லு முடிந்ததும் என் கூறைச் சேலையில் சுற்றி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன். அண்ணை வந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"வில்லெங்கை பிள்ளை?"

"காயுது அண்ணை."

"இவ்வளவு நாளோ?"

"ஓம் அண்ணை. ஈர மரம்."

ஆறாம் திருவிழா வந்தது. கிழக்கு வெளியில் நிற்க இடமில்லை. பாதிச் சனம் கனடாவுக்குப் போனில் லைவ் காட்டிக்கொண்டு நின்றது. ஐயர் வில்லைக் கொடுத்தார். இவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அம்புக்குக் கை நீட்டினார். ஆம்பிளைகள் பக்கத்து முன்வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மச்சான், புது வில்லெல்லே! முதல் ஒருக்காக் கூவ விடு. சனம் கேக்கட்டும்!"

"ஓம் ஓம், கூவட்டும்!" என்றது சனம். இவருடைய முகம் மலர்ந்தது. கை அம்பை விட்டு நாணுக்குப் போய்விட்டது. இவ்வளவு சொல்லியும்! பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிக் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ! அண்ணையிட்டைக் குடுங்கோ! அவர் கூவ விடட்டும். விண் கட்டிப் பேரெடுத்தவர், அவரின்ரை காதுக்குத்தான் சரியாத் தெரியும்!"

சனம் சிரித்துக் கைதட்டியது. இவரும் சந்தோசமாக வில்லைக் கொண்டுபோய் அண்ணையின் கையில் வைத்தார். உடைந்தால் இனி அண்ணையின் கையில் உடையும். பிள்ளையாருக்கு முன்னால், கனடாவுக்கும் முன்னால்.

அண்ணை என்னைத் தேடிப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். வேறு வழியில்லை, அவர் நாணை இழுத்தார். காதுவரை வந்தது. சனம் மூச்சுவிடாமல் காதைக் கொடுத்தது. அண்ணை விடவில்லை. நெற்றியில் வியர்வை வழிய, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல, நாணை மெல்ல மெல்லக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் விட்டார்.

"என்ன மச்சான், கூவ விடேல்லையோ?" என்றார் இவர்.

"வேண்டாம் மச்சான்" என்றார் அண்ணை. குரல் கீழே போயிருந்தது. "அம்பை வைச்சு இழு."

இவர் வில்லை வாங்கினார். அம்பை வைத்து இழுத்து விட்டார். சனம் "அரோகரா" என்று கத்தியதில் பூசணிக்காய் பிளந்த சத்தமே கேட்கவில்லை. வில்லு அப்படியே இருந்தது. இவர் பூசணிக்காயைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணையின் மேலுதட்டுத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.