மூன்றாம் தரம் கேட்காத ஊர்

மேரிகிறேஸ் மன்னாரிலிருந்து டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகருக்குப் பொறியியல் படிக்க வந்தவள். என் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். கணக்கில் புலி. ஆனால் ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் முதலில் "வேண்டாம்" என்பாள்.

நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. இந்த நாட்டிலேயே, விபோர்க்கில் பிறந்து வளர்ந்த எனக்கே என் அம்மா பழக்கியதுதான். போன வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறாயா என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கேட்டாலும் வேண்டாம். மூன்றாம் தரம் அதட்டினால்தான் "சரி, அரைக் கோப்பை" என்று இறங்கி வரலாம். முதல் தரமே தலையாட்டினால் பஞ்சத்தில் அடிபட்டவள் என்பார்கள். டெனிஷ்காரருக்கோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் தட்டு இவளைத் தாண்டிப் போய்விடும். கேக்தானே என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சிரிக்க முடியவில்லை. இந்த அரையாண்டு வேலையைக் குழுவாகச் செய்து, குழுவாகவே பரீட்சைக்குப் போக வேண்டுமாம். வகுப்புத் தோழன் ஜோனாஸ் வந்து, "நாங்கள் காற்றாலை இறக்கை செய்யப்போகிறோம். நீயும் வருகிறாயா?" என்று கேட்டிருக்கிறான். இவள் கடல் கடந்து வந்ததே அந்தப் படிப்புக்குத்தான். இருந்தும் என்ன சொன்னாள்? "வேண்டாம், பரவாயில்லை." அவனும் சரி என்று போய்விட்டான்.

குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"தனியச் செய்தா நான் பாஸாக மாட்டன், பிரியந்தி அக்கா. பெயிலானா ஊருக்குத்தான் திரும்ப வேணும்."

"விசரி! ஓமெண்டு சொல்லுறதுக்கென்ன?"

"இன்னொருக்காக் கேப்பான் எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானே போய் அவனிடம் கதைக்கிறேன் என்று எழுந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு நான் கேக்கிறன். நீங்கள் துணைக்கு வாங்கோ. ஆனா வாய் திறக்கக் கூடாது."

மறுநாள் கல்லூரிக் கன்டீனில் ஜோனாஸும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். பாதி வழியில் திரும்பி ஓடப் பார்த்தாள். நான் குறுக்கே நின்றேன். வேறு வழியில்லாமல் மேசையடிக்குப் போனாள்.

"நேற்று நான் சொன்னது பொய். எனக்கு உங்களோடு சேரத்தான் ஆசை," என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னாள்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உனக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்தோம்," என்றான் ஜோனாஸ், காது சிவக்க. "திரும்பக் கேட்க எனக்கு ஆசைதான். தொந்தரவு செய்கிறேன் என்று நினைப்பாயோ என்று விட்டுவிட்டேன்."

மேரிகிறேஸ் அழுகையும் சிரிப்புமாக நின்றாள். யாரோ ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். அடுத்த நிமிடம் இறக்கையின் வளைவு பிழை என்று அவர்களோடு வாதாடத் தொடங்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் ஒரு கதிரையைத் தேடினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் வீட்டை போங்கோ. எங்களுக்கு வேலை கிடக்கு."